கேரவனின் மேல் ஜன்னல் ஏன் திறக்கவில்லை

அன்புள்ள பிரபு,

நேற்று வீடியோ காலில் பேசும்போது போனை மூக்குக்கு அவ்வளவு கிட்டே ஏன் வைத்துக்கொண்டாய்? உன் நெற்றியும் ஒரு காதும்தான் எனக்குத் தெரிந்தன. பின்னால் எதையோ மறைக்கிறாய் என்று அப்போதே தோன்றிவிட்டது. கழுவாத பாத்திரம் குவிந்து கிடக்கிறதா, வண்டி ஒழுகுகிறதா, இல்லை மது கோபித்துக்கொண்டு வழியிலேயே இறங்கிவிட்டாளா என்று மூன்றையும் யோசித்து முடித்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னால், "புள்ள மூஞ்சியக் காட்டுறான், அதுலயும் உனக்கு டவுட்டா?" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். கண்ணுக்கு முன்னால் தெரிகிற ரோட்டை அப்படியே நம்பிவிடுவார். நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். பில்லை வாங்கி, பையைத் திறந்து, உருப்படியை எண்ணி, பில்லில் ஓட்டை போட்டு அனுப்புகிற வேலை. எதிரே வருகிற ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிற பழக்கம் எனக்கு அங்கே ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்த முறை மறைத்தது நீ இல்லை, நான். உங்கள் கேரவனின் மேல் ஜன்னல் மாட்டிக்கொண்ட விஷயத்தில் ஒரு மனிதரின் பேரை நாம் கெடுத்திருக்கிறோம். அதைச் சரி செய்ய வேண்டுமென்றால் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மது இனிமேல் என்னை அத்தை என்று கூப்பிடுவாளா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் ஒன்றரை மாசத்தைக் கடத்திவிட்டேன்.

முதலில் இருந்து வருகிறேன், பொறுமையாகப் படி. வேலையை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் வண்டியிலேயே ஊர் ஊராகப் போகப்போகிறோம் என்று நீங்கள் இரண்டு பேரும் சொன்னபோது, வேலை போய்விட்டதை என்னிடம் வேறு மாதிரி சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். சினிமாக்காரர்கள் மேக்கப் போட்டுக்கொள்கிற கேரவனில் குடித்தனமா என்றும் கேட்டேன். பழைய டெம்போ வேனை வாங்கி, ராயப்பேட்டை சலீம் பாய் பட்டறையில் கட்டிலும் அடுப்பு மேடையும் போட்டு, கூரையை வெட்டி அந்த மேல் ஜன்னலை வைத்தபோதுதான் நம்பிக்கை வந்தது. மந்தைவெளியில் நம் தெருவுக்குள் அது நுழையாது என்பதால் பெசன்ட் நகரில், ஊரூர் குப்பத்தை ஒட்டி உன் சிநேகிதனுடைய காலி மனையில் நிறுத்தினாய். அங்கே ஆரம்பித்தது எனக்குத் தலைவலி. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மீன் கூடையோடு போன ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டே பார்த்தாள். "இன்னாமா, வூட்டையே தூக்கி வண்டில வெச்சிக்கினு போறாங்களா! கக்கூஸ் கூட உள்ளயே கீதா?" என்று கேட்டுவிட்டு, கூட இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. நம் மாடி வீட்டு அம்மா வேறு வந்து, "எங்க பையனுக்கெல்லாம் இப்படித் தோணவே தோணாதுங்க" என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு நேராக வண்டி மேல் போய் விழுந்ததை நான் பார்த்தேன்.

கபாலி கோயில் வாசலில் பூஜை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது உனக்குத் தெரியும். எனக்கு அது போதவில்லை. படிகாரம் ஒரு கட்டி, கல் உப்பு இரண்டு கை, மிளகாய் வற்றல் ஏழு எல்லாவற்றையும் ஒரு கறுப்பு ரவிக்கைத் துணியில் வைத்து மூட்டை கட்டினேன். வாசலில் தொங்கவிட்டால் நீ சிரிப்பாய், மது கழற்றிப் போடுவாள். அதனால் ஒரு நாள் வண்டியைப் பெருக்கி விடுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? என்றைக்காவது நான் கேட்டு வாங்கி உன் அறையைப் பெருக்கியிருக்கிறேனா? உனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கட்டில் மேல் ஏறி, மேல் ஜன்னலின் கொசுவலைச் சட்டத்தைக் கழற்றி, மூடியைத் தூக்கிப் பிடிக்கிற இரும்புக் கைக்குப் பக்கத்தில், கீழே இருந்து பார்த்தால் தெரியாத இடுக்கில் மூட்டையைச் செருகிக் கறுப்புக் கயிற்றால் கட்டினேன். வீட்டுக்கு நிலைவாசல் மாதிரி அந்த வண்டிக்கு வானத்தைப் பார்த்த வாசல் அது, கண் எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். வலையைத் திரும்ப மாட்டிவிட்டு, நிஜமாகவே பெருக்கியும் விட்டேன்.

அதற்கப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் வண்டியை யாரும் திறக்கவில்லை. வெயில் வந்ததும் சமைத்துப் பார்க்கலாம் என்று நீங்கள் எங்களையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். மது எலுமிச்சை சாதத்துக்குத் தாளிக்க மிளகாயைப் போட்டாள். நீ மேல் ஜன்னலைத் திறக்கக் கைப்பிடியைச் சுற்றினாய். அது அசையவில்லை. பலமாகச் சுற்றியதில் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. மிளகாய் நெடி கூரை வரை போய் முட்டித் திரும்பி வந்து எல்லாரையும் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு இருமல் நிற்காமல் கண் எல்லாம் சிவந்துபோனது. மது அடுப்பை அணைத்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாக வெளியே இறக்கினாள். "இது இப்படியே இருந்துச்சுன்னா, மழைன்னு கதவைச் சாத்திட்டு சமைச்சா நம்ம கதி என்னங்க?" என்று அவள் உன்னைக் கேட்டாள். உள்ளேயே கேஸ் சிலிண்டரும் அடுப்பும் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் அதே பெட்டிக்குள் தூங்கப்போகிறீர்கள். புகைக்கும் சூட்டுக்கும் மேலே போக இருக்கிற வழி அது ஒன்றுதான்.

அந்த நிமிஷத்தில் என் மூட்டை என் நினைவுக்கே வரவில்லை, இதை நீ நம்ப வேண்டும். என் மனசு நேராக சலீம் பாயிடம் போனது. "வேணும்னே லூசா விட்டிருப்பார்டா. இங்கயே சுத்திக்கிட்டு இருந்தாத்தானே அவருக்கு வேலை. ஒரு தடவை பழுது விட்டா திரும்பத் திரும்ப அவர்கிட்டத்தானே போவோம்" என்றேன். நீ முதலில், "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா" என்றாய். நான் விடவில்லை. ஜன்னல் வைத்த அன்று அவர் அவசரமாகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனதை, ஸ்க்ரூ ஒன்றைக் கீழே போட்டுத் தேடியதை, டீ வேண்டாம் என்று சொன்னதைக்கூடச் சாட்சியாகச் சேர்த்தேன். டீ வேண்டாம் என்றதில் என்ன குற்றம் என்று இப்போது என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. போனில் கூப்பிட்ட அரை மணியில் அவர் பைக்கில் வந்து இறங்கினார். நீ வணக்கம்கூடச் சொல்லாமல் கழன்ற கைப்பிடியை அவர் கையில் கொடுத்தாய். என் மகன் மரியாதை இல்லாமல் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, சொல்லிக் கொடுத்த நான் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் முதலில் கூரை மேல் ஏறி மூடியைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். வெயிலில் ரப்பர் பீடிங் இளகி மூடியோடு ஒட்டியிருக்கிறது என்று ஒரு தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, ஓரமாக விட்டு நான்கு பக்கமும் அறுத்துக்கொண்டே வந்தார். அப்படியும் திறக்கவில்லை. உள்ளே வந்து கட்டில் மேல் நின்று, "யாருனா லைட்டு புடிங்கபா" என்றார். நான்தான் ஓடிப்போய் டார்ச்சைப் பிடித்தேன். உதவிக்கு இல்லை, அவர் எதையாவது திருட்டுத்தனமாகச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கு. கொசுவலையைக் கழற்றி இடுக்கில் விரலை விட்டார். கை அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் விரலில் கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. மழைக்காற்றில் உப்பும் படிகாரமும் கசிந்து, பல்சக்கரத்துக்குள் இறங்கி, வெயில் வந்ததும் காய்ந்து கல்லாகப் பிடித்திருக்கிறது. சக்கரம் முழுக்க வெள்ளையும் துருவுமாக இருந்தது. அவர் மூட்டையைப் பார்த்தார், ஆடிக்கொண்டிருந்த டார்ச்சைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கயிற்றை அறுத்து மூட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டையில் ஈரம் பரவியது. வாசலில் நீயும் மதுவும் நின்றுகொண்டிருந்தீர்கள். "என்ன பாய், என்ன ஆச்சு?" என்று நீ கேட்டாய். "உப்புக் காத்து தம்பி. கடலோரம் நிக்குதுல்ல, புடிச்சிக்கினு கீது" என்றார்.

வெந்நீர் கேட்டார், மது வைத்துக் கொடுத்தாள். அதை ஊற்றி ஊற்றி உப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துரு எடுக்கிற ஸ்பிரே அடித்துக் காத்திருந்தார். உன்னை மேலே ஏற்றி மூடியைக் கையால் தூக்கச் சொல்லி, கீழே இருந்து சக்கரத்தைக் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். மூடி திறந்து வெளிச்சம் விழுந்தபோது மது கை தட்டினாள். பீடிங் மறுபடி ஒட்டாமல் இருக்க முகப் பவுடர் கேட்டு வாங்கிச் சுற்றிலும் தடவினார். மறுநாள் வந்து சக்கரத்தையும் கைப்பிடியையும் புதிதாக மாற்றினார். அப்போது நீ, "பத்து நாள் காத்துக்கே துரு பிடிக்குதுன்னா, நீங்க போட்டதே மட்டமான சாமான்தானே பாய்?" என்றாய். அவர் பழைய கைப்பிடியை எடுத்துத் தன் பையில் போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா தம்பி, நல்லதா பாத்துப் போட்டுருக்கணும். என் மேலதான் தப்பு" என்றார். பிரபு, நான் அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சாயந்திரம் நீ போனில் அவர் பட்டறைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, நான் சொன்ன வார்த்தையையே எழுதினாய். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினாய். "கரெக்டா எழுதிருக்கேனாம்மா?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு எனக்கு வெட்கம் வந்தது என்று நினைக்காதே. சந்தேகம்தான் வந்தது. இந்த மனிதர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? மூட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா? என்றைக்காவது அதை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாரா? வாசலில் பைக் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் ஒரு முறை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஒரு அம்மாளின் பையில் பில்லில் இல்லாத புடவை ஒன்று இருந்தது. நான் எல்லார் எதிரிலும் அந்தப் பையைக் கொட்டச் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்க வைத்தேன், உள்ளே பாதி சாப்பிட்ட ரசம் சாதம். அப்புறம் பார்த்தால் கவுன்டரில் இருந்த பெண் வேறு யாருடைய புடவையையோ இந்தப் பையில் மாற்றிப் போட்டிருக்கிறாள். "சரி, போங்க" என்று பில்லில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நான் என் வேலையைத்தான் பார்த்தேன் என்று அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் வாதாடினேன். வேலையை விட்டு நின்று எத்தனையோ நாள் ஆகிவிட்டது, ஆனால் வாசலில் நிற்பதை மட்டும் நான் விடவில்லை.

போன வாரம் அப்பாவோடு பஸ் ஓட்டியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது சொந்தமாக ஒரு ஸ்கூல் வேன் வைத்திருக்கிறார். சீட்டெல்லாம் கிழிந்துவிட்டது என்றார். ராயப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறாரே என்று அப்பா ஆரம்பித்ததுமே, "அங்க வேணாம்பா. போன்ல பாத்தேன், ஒர்த்தர் எழுதிக்கீறார். வேணும்னே பழுது வுட்டு திரும்பி வர வெப்பாராம்" என்றார். நான் காப்பி தம்ளரோடு நின்றிருந்தேன். என் வாயில் இருந்து வந்த வார்த்தை, இதில் சம்பந்தமே இல்லாத ஒருவர் வாயில் போய் என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. அப்பாவுக்கு அது உன் எழுத்து என்று தெரியாது. தெரிந்தாலும் உண்மை என்றுதான் நினைத்திருப்பார். மறுநாள் காலை அவரிடம் மயிலாப்பூரில் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ராயப்பேட்டை போனேன்.

பட்டறையில் ஒரே ஒரு வேன் நின்றது. சலீம் பாய் அதன் கீழே படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னாமா, மறுபடியும் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். டீ சொன்னார். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கு ஏன் பாய் சொல்லல? என்கிட்ட என்ன எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் வாயில் வந்தது அதுதான், பார்த்துக்கொள். அவருக்கு முகம் மாறியது. "உங்ககிட்ட நான் இன்னாம்மா எதிர்பாக்கப் போறேன்? உங்க மருமவ வாசல்லயே நின்னுகினு கீது. அது முன்னாடி அந்த மூட்டைய எடுத்துக் காட்டினா, அதுக்கப்புறம் நீங்க அந்த வூட்ல எப்டி தல நிமுந்து நிப்பீங்க? எங்க வூட்லயுந்தான் தாயத்து கட்றாங்க. அம்மாவுங்கோ செய்றதுதான்" என்றார். அப்புறம் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்காவ எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காதீங்க. மட்டமான சாமான்னு சொல்லிக்கட்டும், வாங்கிக்கினேன். வேணும்னே பண்ணேன்னு எழுதினாரே, அத என் பொண்ணு படிச்சிட்டு, ‘நெஜமாவா அத்தா?’ன்னு என்னயே கேக்குது. ரெண்டு நாள் சோறு எறங்கல. உங்க புள்ளையாண்ட சொல்லி அத எடுக்கச் சொல்லுங்க, போதும்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பாட்டுக்கு வேனுக்குக் கீழே போய்விட்டார்.

ஆகவே நீ இன்றைக்கே அந்த நட்சத்திரத்தை எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது, தப்பு எங்கள் பக்கம், அவர் வேலை சுத்தம் என்று எழுது. அவருக்குப் போன் பண்ணி உன் வாயால் மன்னிப்புக் கேள். உனக்கு நான் புத்தி சொல்ல லாயக்கு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். யார் மேலாவது சந்தேகம் வந்தால் அந்த ஆளையே நேராகக் கேட்டுவிடு. சண்டை வந்தாலும் வரட்டும். நான் ஆயுசு முழுக்கக் கேட்காமலே மூட்டை கட்டினேன். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால் மேல் ஜன்னலைத் திற, மழை என்றால் பாதியாவது திற. மாசத்துக்கு ஒரு முறை பீடிங்குக்குப் பவுடர் தடவச் சொன்னாரே, அதைச் செய்கிறாயா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மூட்டையில் இருந்ததை நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. கண் யாருடையதோ அவர்கள் காலடி மண்ணும் சேர்த்துக் கட்டினால்தான் பலிக்கும் என்று நம் பக்கம் செய்வார்கள். மீன்காரம்மா நின்ற இடத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். மாடி வீட்டு அம்மா நின்ற கேட்டடியிலிருந்து ஒரு சிட்டிகை. மூன்றாவது சிட்டிகையை மதுவின் செருப்பிலிருந்து தட்டி எடுத்தேன். வண்டியைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள், அதனால் என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை. உன்னை என்னிடமிருந்து வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். அப்பா இருமியபோது என்னை முந்திக்கொண்டு அவரைத் தாங்கிப் பிடித்தவள் அவள். சலீம் பாய்க்கு அது வெறும் மண். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் இருந்திருந்தால் கடைசி வரை யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் போனில் அவள் "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம், இது தெரிந்தால் இப்படிக் கேட்பாளா என்று நினைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். எனக்கு அது தாங்கவில்லை.

உன்னை எனக்குத் தெரியும், பிரபு. இதைப் படித்ததும் அவளிடமிருந்து மறைப்பாய். இல்லையென்றால் சலீம் பாய் விஷயத்தை மட்டும் சொல்லி, செருப்பு விஷயத்தை விழுங்கிவிட்டு, அம்மா பாவம் என்று ஆரம்பிப்பாய். அதனால் இந்த வரிகளுக்கு முன்னால் எழுதிய பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்து முதலில் மதுவுக்கு அனுப்பினேன். அனுப்பி ஒரு மணி நேரம் ஆகிறது. பார்த்துவிட்டாள், இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் எதுவும் வரவில்லை. இப்போதுதான் உனக்கு அனுப்புகிறேன். எனக்காக அவளிடம் நீ ஒரு வார்த்தையும் பேசாதே. அவள் என்ன சொல்ல வேண்டுமோ அதை என்னிடமே சொல்லட்டும். போன் என் மடியில்தான் இருக்கிறது.

அம்மா